மகளுக்கும் பங்கு கேட்ட வக்கீல்

சேலம் விஜயராகவாச்சாரியார் என்றால் சேலத்துக்காரர் என்றுதானே நினைப்போம்? அவர் பிறந்தது நம் செங்கல்பட்டுச் சீமையிலுள்ள பொன்விளைந்த களத்தூரில், 1852-இல். கல்லூரி ஆசிரியர் வேலைக்குத்தான் சேலம் போனார், பிறகுதான் வக்கீலானார். 1882-இல் அங்கே நடந்த கலவரத்தைத் தூண்டியதாக அவர்மேல் வழக்கு. 10 வருஷ தண்டனை. மனிதர் அசரவில்லை. ஹைகோர்ட் வரை போய் விடுதலையானார். பறிபோன நகரசபைப் பதவிக்காகவும் வழக்காடி, 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார்! 1895-இல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பெண் வயதுக்கு வந்த பிறகே கல்யாணம், அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு என்று அந்தக் காலத்திலேயே பேசினார். 1944-இல் அவர் மறைந்து வெகுகாலம் கழித்துத்தான் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989-இல், அதுவும் அன்று மணமாகாதிருந்தவர்களுக்கு மட்டும். மணமானவர்களுக்கும் கிடைத்தது 2005-இல்.

எங்கள் செம்பரம்பாக்கம் பக்கம் ஏரிப் பாசன நிலங்கள் மனைகளாகி வருகின்றன. "சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா" என்று தம்பி பத்திரத்தை நீட்டுவார். பாசம் இருக்கட்டும், உங்கள் பங்கை எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரமா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். விட்டுக் கொடுப்பதானாலும் தெரிந்தே விட்டுக் கொடுப்போம், சகோதரிகளே!