கூரத்து வைக்கோலும் திரவப் படிகமும்

முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் அளித்த கூரம் செப்பேடுகள், காஞ்சிபுரம் அருகேயுள்ள கூரம் என்ற இவ்வூரில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி வெட்டப்பட்டதையும், பாலாற்றிலிருந்து நீர் கொணரப் பெரும்பிடுகு என்னும் கால் தோண்டப்பட்டதையும் சொல்கின்றன. அத்தனை சிரமப்பட்டு நீரைத் தேடிய இம்மண்ணில், அறுவடை முடிந்து களத்துமேட்டில் உயரும் வைக்கோற்போரைக் காணும்போதெல்லாம், மாட்டுக்குப் போக மிஞ்சுவதை நாம் எவ்வளவு அற்பமாக மதிக்கிறோம் என்ற விசாரம் என்னைப் பற்றிக்கொள்கிறது.

வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். அதைக் காரநீரில் வேகவைத்து, மற்றச் சத்துக்களை நீக்கி, மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனால், தலைமயிரினும் ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய நானோ இழைகள் கிடைக்கும். நீரைப்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கி அணிவகுத்து நிற்கும் விசித்திரப் பதார்த்தமான திரவப் படிகத்தை, அவ்விழைகள் வலையாய்ப் பின்னித் தம்முள் பிடித்துக்கொள்ளும்போது, நுங்கைப்போல் ஈரம் நிறைந்தும் ஒழுகாமல், வளைத்தால் வளையும் ஜெல் உண்டாகிறது. கணிப்பானிலும் கைக்கடிகாரத்திலும் எண்களைக் காட்டும் திரவப் படிகத்தைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே சிறைவைக்க நேர்வது அது வழிந்தோடுவதால்தான்; ஜெல்லாக உறைந்தபின் வளையும் திரைகளுக்கு வழி பிறக்கிறது.

திரவப் படிகத்தை 1888-இல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற தாவர சாஸ்திரி என்பதும், அவர் ஆராய்ந்தது கேரட்டிலிருந்து எடுத்த பொருள் என்பதும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் சங்கதி. நம் நாட்டிலோ, சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் சகாக்களுடன் 1977-இல் வட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டார். 1991-இல் அவர் நிறுவிய ஸ்தாபனமே இன்று நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையமாக விளங்குகிறது.

அந்த ஞானமும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் கூடி, உத்திரமேரூர், காஞ்சிபுரம் சுற்றுவட்டார உழவர்களே பங்குதாரராயிருக்கும் சிறியதோர் இழைச்சாலையைப் பரீட்சார்த்தமாகவேனும் அரசு தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மாட்டுத் தீவனத்தில் கை வைக்கலாகாது. மிஞ்சியதே மூலப்பொருளாக வேண்டும். அதைவிட முக்கியம், வைக்கோலை வேகவைத்த காரநீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்புச் சொல்ல நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே நம் ஏரிகளில் ஒரு சொட்டும் கலவாதபடி அந்நீரைச் சுத்தி செய்யும் நிலையம் முதலில் எழும்பட்டும், இழைச்சாலைக்கு அதன் பிறகு கடைக்கால் எடுக்கலாம்.