"உங்க குலதெய்வம் எது சார்?"

எங்கள் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த பேராசிரியர் ஒருவர், முதல் நாள் மதிய உணவு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். டிபன் பாக்ஸைத் திறந்ததும் உருளைக்கிழங்கு வறுவலை என் பக்கம் நகர்த்தினார்.

"சாருக்குச் சொந்த ஊர் எது?"

சொன்னேன்.

"அந்த ஊர் தெரியுமே. ஊருக்குள்ள எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்."

"அப்படியா... உங்க குலதெய்வம் எது சார்?"

மேசையைச் சுற்றி இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். எல்லோரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் மோர் ஊற்றிக்கொண்டார், இன்னொருவர் செல்பேசியைப் பார்த்தார். "எங்க சேரியில மாரியம்மன் கோயில்தான் சார்" என்றேன். "ஓ" என்றார். பேச்சு அகவிலைப்படிக்கு மாறியது. மறுநாளும் அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார், சிரித்துத்தான் பேசினார். ஆனால் அவருடைய டிபன் பாக்ஸ் அதன் பிறகு என் பக்கம் நகரவே இல்லை.

இதை யாரிடம் புகார் செய்வது? எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது? வறுவல் தராதது வன்கொடுமை ஆகாது. நவீன சாதி கல்விக்கூடங்களில் பிழைத்திருப்பதே இப்படித்தான், புகாருக்குள் அடங்காத அளவுகளில்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்கு உடன் பணியாற்றியவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று எங்கள் அறையில் பானை கிடையாது, சுத்திகரிப்பு எந்திரம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். பானை செய்த வேலையை இப்போது கேள்விகள் செய்கின்றன.

கேள்விகள் மட்டுமல்ல, பாராட்டுகளும் செய்கின்றன. "உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல சார்" என்று மனமாரப் பாராட்டியவர்கள் உண்டு. 'அப்படி' என்றால் எப்படி என்று அவர்களும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. வேலைப் பங்கீடும் செய்கிறது. பணியில் சேர்ந்த நாள் முதல் ஆதிதிராவிடர் மாணவர் உதவித்தொகைக் கோப்புகள் என் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த வேலையை நான் விரும்பித்தான் செய்கிறேன். ஆனால் ஆய்வுக்குழுவுக்கோ பாடத்திட்டக் குழுவுக்கோ ஆள் தேடும்போது என் பெயர் ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்தில் பள்ளித் தோழன் ஒருவனைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன். இப்போது அரசு ஊழியன். கட்டிப்பிடித்துக்கொண்டான். அரை மணி நேரம் பழைய கதைகள் பேசினோம். கிளம்பும்போது தோளைத் தட்டி, "உங்களுக்கென்னப்பா, கோட்டா இருக்கு. எங்க பாடுதான் திண்டாட்டம்" என்றான்.

அவனும் இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவன்தான். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் 50 விழுக்காடு பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு உரியது. பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 50 போராடிப் பெற்ற உரிமை, அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 'கோட்டா' என்றதும் சேரிக்காரனின் முகம் மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது? தான் வாங்கியது உரிமை, பக்கத்தில் இருப்பவன் வாங்கியது சலுகை. இந்தக் கணக்கை அவன் என் நோட்டைப் பார்த்து எழுதவில்லை.

"இதெல்லாம் சின்ன விஷயம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சில முற்போக்கு நண்பர்களே சொல்கிறார்கள். சின்ன விஷயம் இல்லை. சாப்பாட்டு மேசையில் குலதெய்வம் கேட்பவர்தான் நாளை நேர்முகத் தேர்வில் மறுபக்கம் உட்காருகிறார். வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போடுபவரும் அவரே. 'பொருத்தமானவர் யாரும் கிடைக்கவில்லை' என்று எழுதி, ஒதுக்கப்பட்ட பணியிடத்தைக் காலியாக விடும் கையும் அந்த மேசையில் சாப்பிட்ட கைதான்.

2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகத்தை அல்ல, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கேட்பதற்கு வெறும் நிர்வாக நுணுக்கம் போல இருக்கும். அந்தச் சுழற்சி முறையில் பட்டியல் சாதிக்கு ஏழாவது பணியிடம், பழங்குடிக்குப் பதினான்காவது. ஆறு ஆசிரியர்கள் உள்ள ஒரு துறைக்குள் நாம் நுழையவே முடியாது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் அதை மாற்றியது. போராட்டம் கதவைத் திறந்தது. திறந்த கதவு வழியாக உள்ளே போனவரிடம் முதலில் கேட்கப்படுவது, "சாருக்கு எந்த ஊரு?"

பாகுபாட்டைத் தடுக்க விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே சமத்துவ விதிமுறைகளைக் கொண்டுவந்தது. சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். விதி புகாருக்காகக் காத்திருக்கிறது. மேசையைச் சுற்றி நடப்பது புகாராக மாறுவதே இல்லை.

குலதெய்வம் கேட்கப்பட்ட அன்று, உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க முதுகலை மாணவி ஒருத்தி வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அது தெரியாது. மாலையில் படிவத்தை நீட்டியபடி கேட்டாள்: "எங்க கிளாஸ்லயும் இப்படித்தான் கேக்குறாங்க சார். நீங்களே ஒண்ணும் சொல்லல, நாங்க எப்படி சார் எதிர்த்துக் கேக்குறது?"

என்னிடம் பதில் இல்லை. வேலைக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது, நான் நிரந்தரப் பணியில் இருப்பவன். நல்ல மனிதரை மேசையில் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் உண்மை. அவருடைய சங்கடத்தைத் தவிர்க்க என் அவமானத்தை விழுங்கினேன். அந்த மாணவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் ஒருவரிடம் அதே பேராசிரியர் அதே கேள்விகளைத் தொடங்கினார். ஊர், தெரு. மூன்றாவது கேள்விக்கு முன்னால் நான் வாய் திறப்பதற்குள் ஆங்கிலத் துறைப் பேராசிரியை முந்திக்கொண்டார். "அது தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல. "சும்மாதான் மேடம்" என்று பேராசிரியர் முணுமுணுத்தார். மூன்றாவது கேள்வி அன்று வரவில்லை. அதற்குப் பிறகும் இதுவரை அந்த மேசையில் வரவில்லை.

இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்த விரிவுரையாளர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான். ஆனால் என்னால் செய்ய முடியாத ஒன்றை அவரால் எளிதாகச் செய்ய முடிந்தது. நான் கேட்டிருந்தால் 'இவங்களுக்கு எப்பவுமே தாழ்வு மனப்பான்மை' என்று முடித்திருப்பார்கள். அவர் கேட்டபோது அப்படிச் சொல்ல வழியில்லை.

இதைப் படிக்கும் இளைய தோழர்களில் பலர் நாளை வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் போவீர்கள். ஏப்ரல் 14க்கு நீலக்கொடி பிடிப்பீர்கள், செப்டம்பர் 17க்குக் கருஞ்சட்டை போடுவீர்கள். நல்லது. அதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் யாராவது தெருவையும் குலதெய்வத்தையும் விசாரித்தால், மோர் ஊற்றிக்கொள்ளாதீர்கள், செல்பேசியைப் பார்க்காதீர்கள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேளுங்கள். கேட்கப்படுபவர் பதில் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்.

அந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை மேசையில் சொல்வேன்.