‘இல்லை’ என்று சொல்லும் முன்

சொல்வதற்கு எளிய சொற்களுள் ‘இல்லை’ என்பதும் ஒன்று. கேட்பவர் மனத்தில் அது எவ்வளவு கனமாக விழுகிறது என்பதைச் சொன்னவர் பெரும்பாலும் அறிவதில்லை. நான் அதை அறிந்தது ஒரு தொலைபேசி அழைப்பினால்.

சென்ற கோடை விடுமுறையில், சென்னையிலுள்ள சிறு பதிப்பகம் ஒன்றில் நூற்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலைக்குச் சென்றிருந்தேன். தமிழ் இலக்கியம் பயிலும் எனக்கு, ‘விசையைத் தட்டினால் எழுத்து விழப்போகிறது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?’ என்ற எண்ணம். நான்காம் நாள், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் பேசினார். காலஞ்சென்ற தம் கணவர் எழுதிய நூல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா, அதற்கு உரிமைத்தொகை ஏதும் வரவேண்டியுள்ளதா என்று கேட்டார். ரகரத்தில் தொடங்கும் அந்தப் பெயரை அவர் சொன்னபடியே தட்டினேன். ஒன்றும் வரவில்லை. “அப்படி ஓர் ஆசிரியர் எங்கள் பட்டியலில் இல்லைங்கம்மா” என்றேன். “சரிப்பா” என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், பல ஆண்டுகளாக அங்கே கணக்குப் பார்ப்பவர், எழுந்து வந்தார். பெயருக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்தார். நூல் திரையில் வந்து நின்றது. இரண்டு பதிப்புகள். இரண்டாம் பதிப்பின் உரிமைத்தொகை, ‘முகவரி மாறியுள்ளது’ என்ற குறிப்போடு கொடுக்கப்படாமலே கிடந்தது.

“தம்பி, இல்லைன்னு சொல்லாதே. எனக்குக் கிடைக்கலைன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணு இல்லே” என்றார் பெரியவர். அம்மையாரின் எண் தொலைபேசியில் பதிவாகியிருந்ததால் திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்க முடிந்தது. இல்லையேல் அந்தத் தொகை இன்னும் அங்கேயே கிடந்திருக்கும்.

அன்று தொடங்கியது என் பாடம். பதிப்பகத்தின் பதிவேட்டுக்குள் வழி அறிந்து நடப்பது எழுத்தர் வேலை மட்டுமன்று. தமிழ் படித்தவர்கள் செய்தாக வேண்டிய தமிழ்ப்பணி. நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகளில் இதைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சக மாணவர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

பதிவேடு என்பது என்ன? ஒரு நூலுக்கு ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவிலும் பல புலங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம், விலை, கையிருப்பு, உரிமைத்தொகை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் படி அனுப்பிய நாள் இன்னொரு புலம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. ஆதலால் எழுதியவரையும் அச்சிட்டவரையும் தாண்டிப் பதிவு வாழ வேண்டியிருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் அந்த ஆசிரியரைக் கண்டறியாத ஒருவராகவே இருப்பார்.

அதற்குள் நடப்பது எப்படி? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கினால் அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று சுற்றி ஈசானிய லிங்கத்தில் வந்து சேர்கிறோம். பதிவேட்டில் ‘அடுத்த பதிவு’ என்னும் அம்புக்குறி இத்தகைய நடைதான். ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம். முதலுக்கும் கடைசிக்கும் தாவலாம். ஆனால், குபேர லிங்கத்தை மட்டும் தரிசிக்க வந்தவர் ஏழாவது லிங்கம் வரை சுற்றி நடக்க வேண்டியதில்லையே! அவருக்கு வேண்டியது தேடல்.

பெரியவர் ஃபாக்ஸ்புரோ காலத்தில் தொழில் பழகியவர். அதில் ‘ஸ்கிப்’ என்றால் ஒரு பதிவு நகரும். ‘லொகேட்’ என்றால் தலையிலிருந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்துக்கொண்டே போகும். ‘சீக்’ என்றால், முன்பே செய்து வைத்த அகரவரிசைச் சுட்டியைப் பார்த்து நேரே போய் நிற்கும். சுட்டி இல்லாமல் ‘சீக்’ இல்லை. நிகண்டைப் புரட்டுவதற்கும் அகராதியைப் புரட்டுவதற்கும் உள்ள வேறுபாடு என்று இதை நான் புரிந்துகொண்டேன். மென்பொருள்கள் மாறிவிட்டன, இந்த மூன்று வழிகள் மாறவில்லை.

அந்தப் பதிப்பகத்தில் இப்போது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். அதில் மூன்று இடங்களில் நான் இடறினேன். முதலாவது, அடுத்த பதிவுக்கு நகர்ந்த உடனே, முந்தைய பதிவில் செய்த மாற்றத்தை அது தானே சேமித்துக்கொள்ளும், ‘சேமிக்கட்டுமா?’ என்று கேட்பதில்லை. தவறாக ஏதாவது தட்டிவிட்டால் நகர்வதற்கு முன்பே எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும்: ஒரு முறை அழுத்தினால் அந்தப் புலம் மீளும், இரு முறை அழுத்தினால் அந்தப் பதிவே மீளும். இரண்டாவது, தேடும் பெட்டி வழக்கமாக முழுப் புலமும் ஒத்திருக்கிறதா என்றே பார்க்கும். ‘பாரதி’ என்று மட்டும் தட்டினால் ‘சுப்பிரமணிய பாரதி’ கிடைக்கமாட்டார். ‘புலத்தின் எந்தப் பகுதியிலும்’ என்று நாம் மாற்றித் தரவேண்டும். மூன்றாவது, வடிகட்டி. ஒருமுறை கவிதை நூல்களை மட்டும் வடிகட்டிவிட்டு அதை மறந்துபோனேன். நாவல்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று பதறினேன். திரையின் அடியில் ‘வடிகட்டப்பட்டது’ என்ற குறிப்பு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

இவை யாவும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: விசையைத் தொடும் முன், எங்கே நிற்கிறோம் என்று பார். எந்தப் பதிவு, எந்தப் புலம், வடிகட்டி போட்டிருக்கிறதா? இம்மூன்றையும் பார்த்தறிய மூன்று விநாடி போதும்.

இதுவரை சொன்னதைக் கணிப்பொறி பயின்ற எவரும் சொல்லித் தந்துவிடுவார். இனிச் சொல்வதுதான் நம் பங்கு.

நம் ஊர் நூலையே எடுத்துக்கொள்வோம். 1902ஆம் ஆண்டையொட்டி, மலைக் குகையில் இருந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை சில கேள்விகள் கேட்டார். பேசாதிருந்த ரமணர் விடைகளை எழுதிக் காட்டினார். 1923இல் அது ‘நான் யார்?’ என்று அச்சாயிற்று. வினா விடை வடிவம் ஒன்று. ரமணரே கட்டுரையாக எழுதிய வடிவம் மற்றொன்று. வினா விடை வடிவிலும் வினாக்களின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. தலைப்பு என்னவோ ஒன்றுதான்! வடிவத்தைக் குறிக்கத் தனிப் புலம் இல்லையேல் இரண்டும் கலந்துபோகும். ஆசிரியர் புலத்திலோ ஒருவர் ‘ரமணர்’ என்பார். ஒருவர் ‘இரமணர்’ என்பார். ‘ஸ்ரீ ரமண மகரிஷி’ என்றும், ‘பகவான் ரமணர்’ என்றும் வேறு சிலர் எழுதுவர். நமக்கு அவர் ஒருவரே, கணிப்பொறிக்கு நால்வர்.

இவர்களை ஒருவராக்குவது எப்படி? நான்கு வடிவங்களில் ஒன்றைத் தலைமை வடிவாகக் கொண்டு, மற்றவை அதனைச் சுட்டுமாறு செய்ய வேண்டும். எதைத் தலைமையாகக் கொள்வது, ‘சாமிநாதையர்’, ‘சுவாமிநாதையர்’, ‘உ.வே.சா.’ ஆகிய மூவரும் ஒருவரே என்று எப்படி அறிவது, மொழிமுதலில் ரகரம் வராது என்பதால் இகரம் சேர்ப்பவர் எவ்வெப்போது சேர்ப்பார் என்பவற்றையெல்லாம் யார் சொல்வது? நன்னூல் படித்தவர்தாம் சொல்ல முடியும்.

அகரவரிசையிலும் இதே சிக்கல் உண்டு. நம் நெடுங்கணக்கில் வகரம் முன்னும் ழகரம் பின்னும் வரும். ‘கவிதை’ முதலில், ‘கழனி’ பிறகு. யூனிகோடு எண் வரிசையிலோ ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் ‘கழனி’ முந்திக்கொள்ளும். இது தெரியாதவர், ‘கவிதை’யை அதற்குரிய இடத்தில் காணாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூலின் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண் 2007 முதல் 13 இலக்கம் உடையது. இந்திய நூல்களில் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும். அதன் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. முன்னுள்ள 12 இலக்கங்களை ஒன்றாலும் மூன்றாலும் மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து அதைப் பெறுகிறார்கள். எங்கேனும் ஓர் இலக்கம் பிசகினால் கணக்கு உதைக்கும். கணிப்பொறி உடனே பிடித்துவிடும். ஆனால், ஆசிரியர் பெயருக்கு இப்படிக் காவல் இலக்கம் ஏதும் இல்லை. ரகரம் றகரமானாலும் மணி மனியானாலும் கணிப்பொறி வாய் திறவாது. அந்தக் காவலுக்கு நாம்தான் நிற்க வேண்டும்.

“கைப்பேசியில் கேட்டால் எல்லாம் வந்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வருவதெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து சரியாக ஏற்றியதுதான். ஏற்றாததையும் பிழையாக ஏற்றியதையும் எந்தக் கருவியும் நமக்காகத் தேடித் தராது. “எம்.ஏ. படித்துவிட்டுப் பட்டியல் எழுதவா?” என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு பெரியோர்களை நினைவூட்டுகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் காலம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் நான்காவதன் கருத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் மறைந்தபின் 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயின. ஒவ்வொன்றாக எடுத்து விவரம் பதிந்த பிறகுதான் அவை பிறருக்குப் பயன்பட்டன. பட்டியல் எழுதுவது தாழ்ந்த வேலையானால், இவ்விருவரால் தமிழுலகம் பெற்ற பயனை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் ஒரு மணி நேரம், நம் கல்லூரி நூலகத்தில், தமிழ்த்துறை மாணவர்களும் கணிப்பொறித்துறை மாணவர்களும் சேர்ந்து அமரட்டும். நூலகத்திலுள்ள 100 தமிழ் நூல்களை எடுத்துப் பதிவு செய்வோம். அவர்கள் நமக்குச் சுட்டியும் வடிகட்டியும் சொல்லித் தரட்டும். நாம் அவர்களுக்குப் பெயரும் பதிப்பும் சொல்லித் தருவோம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பேராசிரியர்களின் இசைவும் நம் மனமும் போதும். வேலை தேடிப் போகும்போது இது கைகொடுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால், எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு.

அந்த அம்மையாருக்கு உரிமைத்தொகை போய்ச் சேர்ந்தது. பெரிய தொகை அன்று. நான் அனுப்பிய கடிதத்துக்கு அவர் ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுதியிருந்தார். பணத்தைப் பற்றி அதில் ஒரு வரிதான். ‘அவர் புத்தகம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்ததே போதும்’ என்பது அடுத்த வரி. நான் சொன்ன ‘இல்லை’ அவரிடமிருந்து எதைப் பறித்திருக்கும் என்பது அந்த அட்டையைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.