பார்ட்ட மாத்துறதுக்கு மெக்கானிக் எதுக்கு?

இப்பல்லாம் இன்ஜின்ல எது போனாலும் ஒரே பதில்தான். "மாத்திடுங்க." வால்வு லீக்கா, மாத்து. புல்லி டைட்டா, வேற வாங்கு. நாசில் ஒழுகுதா, அதையும் மாத்து. நாசில் விஷயத்துல மட்டும் அவங்க சொல்றது சரி. மத்ததுல பாதிக்கு மேல, வீட்டுத் திண்ணையில உக்காந்து தேய்ச்சே சரி பண்ணிடலாம்ங்கிறது என் கருத்து. எதத் தேய்க்கலாம், எதத் தேய்க்கவே கூடாதுங்கிறதுதான் இங்க முக்கியம். ரெண்டையும் சொல்றேன்.

எங்க ஊரு கடைமடை. ஜூன் 12-ல மேட்டூர் திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எட்டிப் பாக்க நாளாகும். வந்தாலும் வயல் மட்டத்துக்கு ஏறாது, எறைச்சுத்தான் விடணும். மழைக் காலத்துல அதே வயல்லேர்ந்து தண்ணிய வடிகாலுக்கு எறைக்கணும். விவசாயத்துக்கு இலவச கரண்ட் எல்லாருக்கும்னு 1990-லயே வந்துடுச்சு. ஆனா சர்வீஸ் இருக்கிறவனுக்குத்தானே இலவசம்? வாய்க்கால் ஓரமா மூணு ஏக்கர் வச்சிருக்கிற என்ன மாதிரி ஆளுக்கு ஆயில் இன்ஜின்தான் கை, கால் எல்லாம். 2018 நவம்பர்ல கஜா அடிச்சு போஸ்ட்டு மரமெல்லாம் சாய்ஞ்சு கெடந்தப்ப, எங்க பக்கம் பல ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் கிடையாது. பழைய இரும்புக்கு வித்துடலாம்னு ஓரமாப் போட்டு வச்சிருந்த இன்ஜினையெல்லாம் தூசி தட்டி எடுத்தாங்க. அதனால இது வெறும் பொழுதுபோக்கு வேலைன்னு யாரும் நெனைக்க வேண்டாம். பூக்கிற பருவத்துல நாலு நாள் இன்ஜின் நின்னா என்ன ஆகும்னு நெல்லு போட்டவனுக்குத் தெரியும்.

முதல்ல புல்லி கதை.

போன வருஷம் பம்புக்கு வேகம் பத்தலன்னு கொஞ்சம் பெரிய புல்லி ஒண்ணு வாங்கினேன். வார்ப்பிரும்பு. ஓட்டை ஒரு முடி அளவு டைட்டு, இன்ஜின் ஷாஃப்ட்டுல பாதிதான் ஏறுது. டவுன்ல ஒரு லேத் பட்டறையில கொடுத்தேன். "கொஞ்சமாத் தொட்டு விடுங்க"ன்னு சொன்னேன். பையன் நல்லாவே தொட்டு விட்டுட்டான். கொண்டாந்து மாட்டினா புல்லி ஷாஃப்ட்டுல ஆடுது. திரும்பப் போய்க் கேட்டா, தகரத்த நறுக்கிச் சுத்தி மாட்டிக்கங்கன்னு யோசனை சொல்றாங்க. தகரம் எத்தனை நாள் தாங்கும்? புல்லி லூஸா இருந்தா இழுவை முழுக்க அந்தச் சின்னக் கீ மேல வந்து விழும். கீ நசுங்கும், காடி அகலமாகும், கடைசியில ஷாஃப்ட்டே போயிடும். நூத்துக்கணக்குல முடிய வேண்டியது ஆயிரக்கணக்குல போய் நிக்கும்.

அந்தப் பையனத் திட்டி என்ன ஆகப் போவுது? அவன் கையில ஷாஃப்ட் இல்ல. நான் சொன்ன வாய் வார்த்தைதான் இருந்துச்சு. அந்தக் காலத்து பிட்டருங்க அளவு எழுதிக் கொடுத்தாக்கூட வேலை செய்ய மாட்டாங்க, "எதுல மாட்டணுமோ அத எடுத்துட்டு வா"ம்பாங்க. இன்ஜின் ஷாஃப்ட்டக் கழட்டித் தூக்கிட்டுப் போக முடியுமா? அதனாலதான் சொல்றேன், கடைசி ஒரு முடி அளவு வேலைய ஷாஃப்ட் இருக்கிற எடத்துலயே வச்சுத்தான் செய்யணும்.

இன்னொரு புல்லி வாங்கினேன். அதுவும் டைட்டு. டைட்டா இருக்கிறது நல்லது, எடுத்து விடலாம். லூஸ்தான் வைத்தியம் இல்லாத வியாதி. இத நானே எடுத்தேன். எப்படின்னா, ஓட்டைக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போற கனத்துல நல்லா காய்ஞ்ச வேலங்கட்டையில ஒரு உருளை. நீளம் புல்லி ஓட்டையப் போல ரெண்டு பங்கு. ஒரு முனையில நடுவால ரம்பத்தால பாதி தூரம் கீறி, அந்தக் கீறல்ல ஒரு மர ஸ்குரு. ஸ்குருவத் திருகத் திருகக் கட்டை விரியும். அவ்வளவுதான் கருவி. ஓட்டையில கீ காடி இருக்குமே, அத விட்டுடக் கூடாது. ஒரு மரச்சிம்ப அளவாச் சீவி காடியில அடைச்சு, ஓட்டை மட்டத்துக்குச் சரியா இழைச்சுடணும். இல்லன்னா கட்டை அங்க விழுந்து விழுந்து எந்திரிக்கும், காடியோட ஓரம் மழுங்கும்.

மருந்துன்னு பாத்தா வால்வுக்குப் போடுற கிரைண்டிங் பேஸ்ட்தான். ஸ்பேர் கடையில டப்பாவுல கெடைக்கும், கொரகொரப்பு ஒண்ணு, நைஸ் ஒண்ணு. கட்டையில தடவி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓட்டையில விட்டு சுத்திக்கிட்டே முன்னும் பின்னும் இழுக்கணும். கட்டை மிருது, இரும்பு கெட்டி. மணல் மாதிரி இருக்கிற அந்தப் பொடி மிருதுவா இருக்கிறதுல போய்க் குத்தி உக்காந்துக்கிட்டு, கெட்டியா இருக்கிறத அறுக்கும். கேக்கத் தலைகீழாத் தோணும், ஆனா அதுதான் இதுல உள்ள சூட்சுமம். இதப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஒரே எடத்துல சுத்தக் கூடாது. கட்டை ரெண்டு பக்கமும் ஓட்டைய விட்டுக் கொஞ்சம் வெளிய வந்து போகணும், ஆனா பாதிக்கு மேல வெளிய வரக் கூடாது. வந்தா கட்டை சாயும், ஓட்டையோட வாய் புனல் மாதிரி விரிஞ்சுடும். அப்பப்பப் புல்லியத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துலேர்ந்தும் இழுக்கணும். அவசரக்காரன் மெஷின்ல மாட்டி சர்ருன்னு சுத்துவான். சூடாகும், சூட்டுல ஓட்டை பெருசாக் காட்டும், ஆறினப்புறம் அளவு வேற. கையால பண்ணினா அந்தத் தொல்லை இல்ல.

அளக்க என்ன பண்றது? வெர்னியர் இருக்கு, ஆனா ஓட்டையோட உள் அளவ அதுல நம்ப முடியாது. ஷாஃப்ட்டே அளவுகோல். ஷாஃப்ட்டுல வெளக்குக் கரிய எண்ணெயில கொழைச்சு மெலிசாத் தடவி, புல்லியத் தொடச்சு சும்மா நுழைச்சுப் பாத்தா எங்க பிடிக்குதோ அங்க கரி ஒட்டும். அந்த எடத்த மட்டும் கவனிச்சுத் தேய்க்கணும். காலையில ஆரம்பிச்சு மத்தியானச் சோத்துக்கு முன்னாடி, கை அழுத்தத்துல ஏறி, ஆடாம நிக்கிற அளவுக்கு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் லேசாப் போகட்டுமேன்னு ஆசை வரும். அப்பக் கட்டைய எடுத்து வெளிய வச்சுடணும். எடுத்தத ஒட்ட வைக்க முடியாது.

"அரை நாள் கூலி போச்சே, அதுக்கு நல்ல லேத்துல கொடுத்திருக்கலாமே"ன்னு எங்க வீட்டுலயே கேட்டாங்க. நியாயந்தான். அனுபவமுள்ள டர்னர் பக்கத்துல இருந்து, பழைய புல்லிய மாதிரிக்குக் கொண்டு போய்க் கொடுக்க முடிஞ்சா அங்கயே போங்க. நல்ல தொழில்காரன்கிட்ட போட்டி போடச் சொல்லல. அப்படிப்பட்ட ஆளு எங்க பக்கம் கொறைஞ்சு போனதுதான் விஷயமே.

வால்வும் இதே கணக்குதான், இன்னும் சுலபம். வால்வு முகத்துல பேஸ்ட்டத் தொட்டு வச்சு, ரப்பர் கப் வச்ச குச்சியால ரெண்டு உள்ளங்கையில மோர் கடையிற மாதிரி முன்னும் பின்னும். அப்பப்பத் தூக்கி எடம் மாத்தி வைக்கணும். சுத்திவர அறுபடாத சாம்பல் நிற வளையம் விழுந்தாப் போதும். பென்சிலால வளையத்துக்குக் குறுக்க கோடு கோடாப் போட்டு, வெறும் வால்வ வச்சு லேசாத் திருப்பிப் பாருங்க. எல்லாக் கோடும் அறுந்திருந்தா உக்காந்துடுச்சு. வால்வ மூடி வச்சு போர்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்தாலும் தெரியும். கசிஞ்சா இன்னும் வேலை இருக்கு.

இனி தொடவே கூடாதது.

பிஸ்டன் பின் ஏறுற வெங்கல புஷ். புதுசு போட்டா டைட்டா இருக்கும். அதுல பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு விடுற ஆளுங்கள எனக்குத் தெரியும். மேல சொன்னேனே, பொடி மிருதுவானதுல குத்தி உக்காரும்னு. இங்க மிருது புஷ்தான். எவ்வளவு கழுவினாலும் அது முழுசா வராது. உள்ள உக்காந்துக்கிட்டு நாள் பூரா பின்ன அரைக்கும். புஷ்ஷுக்கு ரீமர்தான் சரி. ரீமர் வச்சிருக்கிறவர்கிட்ட பின்னையும் சேர்த்துக் கொடுங்க.

அடுத்தது நாசில், ஆயில் பம்ப் எலிமெண்ட். வீடியோவுல ஒருத்தர் பித்தளை பாலிஷ் போட்டு நாசில் ஊசியத் தேய்க்கிறாரு. ஆயிரக்கணக்குல பேரு பாத்து கை தட்டுறாங்க. அந்த ஊசிக்கும் அதோட கூட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு, மூணு மைக்ரான். தலைமுடி ஒண்ணு சுமாரா எழுபது மைக்ரான். அத கம்பெனியில ஜோடி ஜோடியாத் தேய்ச்சுச் சேர்த்து அனுப்புறாங்க, ஒரு ஜோடி ஊசிய இன்னொண்ணுல போட்டாக்கூட ஒத்துவராது. அதுல நம்ம கையி என்னத்தத் தேய்க்கப் போவுது? அது ஒழுகினா மாத்துறது ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு, நாசிலக் கழட்டி வெளிய வச்சு ஸ்பிரே பாக்கிறப்ப முன்னாடி வெரல நீட்டாதீங்க. கார் டயருல இருக்கிற அழுத்தத்தப் போல நூறு மடங்குல டீசல் வரும். தோலக் கிழிக்காமலே ஊசி மாதிரி உள்ள எறங்கிடும், அப்புறம் வெரல் நிலைக்கிறதே பெரும்பாடு. வலிக்கலயேன்னு வீட்டுல இருந்துடக் கூடாது, ஒடனே ஆஸ்பத்திரி.

தேய்ச்சு முடிச்சதும் கழுவுறது தனி வேலை. டீசல்ல ஒரு தடவ, மண்ணெண்ணெயில ஒரு தடவ, அப்புறம் சோப்புத் தண்ணி. பழைய வெள்ளை வேட்டித் துணியால தொடச்சா சாம்பல் ஒட்டக் கூடாது. ஒட்டினா மறுபடி கழுவணும். வார்ப்பிரும்பு ஈரம் பட்டா ஒடனே துரு ஏறும், அதனால தொடச்ச கையோட எண்ணெய் பூசிடுங்க. இன்ஜின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தோள்ல கெடக்குற துண்ட எடுத்து வரப்புல போடுங்க, பெல்ட்டுக்கு ஆளு அடையாளம் தெரியாது.

அந்த வேலங்கட்டை இப்பவும் மோட்டார் கொட்டகையில தொங்குது. வேணுங்கிறவங்க எடுத்துட்டுப் போகலாம், ஆனா கழுவித் திருப்பிக் கொண்டாந்து மாட்டிடணும்.