தமுக்கத்தில் மிச்சமிருக்கும் மண்

போன வாரம் பேத்திக்குப் புத்தகம் வாங்க மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் தல்லாகுளத்தில் இறங்கி, தமுக்கத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். தமிழன்னை சிலை அப்படியேதான் இருக்கிறது. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வைத்தது. உள்ளேதான் மாறிவிட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டி 2022-ல் திறந்த மாநாட்டு மையம், மைதானத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு நிற்கிறது.

எங்கள் சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குத் தமுக்கம் என்றால் சித்திரைப் பொருட்காட்சிதான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்க்காமல் வரமாட்டார்கள். எழுபதுகளில் அப்பா எங்களை வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். எனக்கும் தம்பிக்கும் ராட்டினம், மரணக்கிணறு, முகத்தை விடப் பெரிய டெல்லி அப்பளம். அப்பா மட்டும் நேராக வேளாண்மைத் துறை அரங்குக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் அழுகிப்போன வெங்காயத்தை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து அங்கிருந்த அதிகாரியிடம் காட்டினார். அவர் முகம் சுளிக்காமல் பார்த்து, ஒரு தாளில் மருந்தின் பெயரை எழுதிக்கொடுத்தார். ஆபீஸ் படியேறத் தயங்குகிற மனுஷன், திருவிழாக் கூட்டத்தில் தயங்கவில்லை.

பக்கத்திலேயே காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959-ல் நேரு வந்து திறந்துவைத்தார். டிக்கெட் இல்லை என்பதால் கடைசியில் அங்கேயும் ஒரு சுற்று. காந்தியின் ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்த ராத்திரி தம்பி தூங்கவேயில்லை. அந்த அரண்மனையை ஒட்டிய இந்த வெளியில்தான் நாயக்கர் காலத்தில் யானைச் சண்டை நடந்ததாம்.

கட்டடமே வேண்டாம் என்று சொல்லும் கிழவன் நானில்லை. புத்தகத் திருவிழாவில் தகரக் கொட்டகை ஒழுகி, நனைந்த புத்தகங்களை விற்பனையாளர்கள் உதறிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன். 2022-ல் அதே திருவிழா குளிர்ந்த அரங்குக்குள் நடந்தது. என் முழங்காலுக்கும் அது சௌகரியம்தான்.

ஆனால் அரங்கு என்றால் முன்பதிவு, வாடகை, காவலாளி. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் இரவும் பகலும் திரண்டு கிடந்த பிள்ளைகள் யாரிடம் முன்பணம் கட்டினார்கள்? வெறும் மண் இருந்தது, வந்து உட்கார்ந்தார்கள். வெங்காயப் பையோடு ஒரு விவசாயி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் மதுரை மாநகராட்சிக்கு என் யோசனை இவ்வளவுதான். மிச்சமிருக்கும் திறந்தவெளியில் இனி ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். சித்திரையில் அந்த இடத்தைப் பொருட்காட்சிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். வாடகை அதிகம் தருகிறார் என்று வேறு யாருக்கும் விடக்கூடாது. நுழைவுக் கட்டணம் ஒரு டீ விலையைத் தாண்டக்கூடாது. அரசுத் துறை அரங்குகளில் பிளெக்ஸ் பேனரை மாட்டிவிட்டுப் போகாமல், பதில் சொல்லத் தெரிந்த ஆளை உட்கார வைக்க வேண்டும்.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, அந்த வெங்காயம் பிழைச்சுதா?" பாதி பிழைத்தது.