அழுத்துமுன் அரைக்க வேண்டும்

தேன்குழல் பிழியும் வீடுகளில் வளர்ந்த நமக்கு ஓர் உண்மை தெரியும். மாவைச் சலிக்காமல் விட்டாலோ, பதம் தப்பினாலோ, அச்சை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விஞ்ஞானக் கூடத்திலும் இதே கதைதான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு நம் காரைக்குடியில் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருவையும் மின்கலங்களையும் ஆராயும் இத்தகைய இடங்களில், ஒரு தூள் எதனால் ஆனது என்று அறிய வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வழி, அகச்சிவப்புக் கதிரை அதனூடே செலுத்திப் பார்ப்பது.

தூளை அப்படியே வைத்தால் கதிர் சிதறிவிடும். ஆகவே 1 அல்லது 2 மில்லிகிராம் மாதிரியுடன், ஏறக்குறைய 100 மடங்கு உலர்ந்த பொட்டாசியம் புரோமைடு உப்பைச் சேர்த்து, கல்வத்தில் மைபோல் அரைக்கிறார்கள். பிறகு எஃகு அச்சிலிட்டு நீரியல் அழுத்தியால் அழுத்துகிறார்கள். 13 மில்லிமீட்டர் அச்சின்மேல் 8 டன் விசை என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 டன்! கண்ணாடி போன்ற சிறு வில்லை கிடைக்கிறது. கைப்பிடியை அசைக்கும் ஒருவரின் சிறு பலம் இப்படிப் பெருகுவது, நாம் வகுப்பில் படிக்கும் பாஸ்கல் விதியால்தான்.

ஆனால் உப்பில் ஈரம் இருந்தால், நீரின் அடையாளமும் வரைபடத்தில் ஏறிவிடும். மாதிரியில் இல்லாததை இருப்பதாகப் படித்துவிடுவோம். சரியாக அரைக்காவிட்டால் வில்லை மங்கிவிடும். எத்தனை டன் அழுத்தினாலும் இந்தப் பிழைகள் தீரா. கருவி பொய் சொல்வதில்லை. நாம் கொடுத்ததற்கே பதில் சொல்கிறது.

நமது செய்முறை வகுப்பை எண்ணிப் பார்ப்போம். கரைசல்கள் பெரும்பாலும் தயாராகவே நம் மேஜைக்கு வந்துவிடுகின்றன. வரவேண்டிய விடையை முன்பே அறிந்து, ரெக்கார்டு நோட்டை நிரப்பிய நாள் எனக்கும் உண்டு. அன்று நான் கற்றது வேதியியல் அல்ல, எழுதும் பழக்கம் மட்டுமே!

பருவத்திற்கு ஒரு முறையேனும், உலர்த்துவது, எடை போடுவது, அரைப்பது, கரைப்பது யாவற்றையும் மாணவியரே செய்யட்டும் என்பது என் கருத்து. நேரம் வீணாகும், விடை தவறும் என்பார்கள். தவறட்டும். எங்கே தவறினோம் என்று தேடும் அந்த ஒரு மணி நேரம் நூறு சரியான விடைகளுக்குச் சமம்.

பெற்றோர்களே, "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன், "இன்று உன் கையால் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் ஆசைப்படுகிறோம்.