இருபத்திரண்டு லட்சம் கண்ணாடிகள்

படக் கொட்டகையில் பெரியவர்களாகிய நாம் திரையைத்தான் பார்க்கிறோம். ஒளி எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்கிறவர்கள் குழந்தைகளே. இவ்வாரம் நாமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முன்பெல்லாம் பின்புறத்து அறையில் பிலிம் சுருள் ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 24 படங்கள் விளக்கின் முன் நின்று நின்று நகரும். இன்றோ பல கொட்டகைகளில் அந்தச் சுருளின் ஸ்தானத்தில் தபால் தலை அளவுள்ள 'சிப்' ஒன்று வீற்றிருக்கிறது. அதன் முகத்தில் நீளவாட்டில் 2048, உயரவாட்டில் 1080 என்ற கணக்கில் 22 லட்சத்துக்கு மேற்பட்ட அலுமினியக் கண்ணாடிகள்! ஒவ்வொன்றும் தலைமயிரின் பருமனைவிடச் சிறியது.

இக்கண்ணாடிகளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே. மின்சாரக் கவர்ச்சியினால் இப்பக்கமோ அப்பக்கமோ சுமார் 12 பாகை சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குச் செல்லும். மறுபக்கம் சாய்ந்தால் திரையில் அந்தப் புள்ளி இருட்டு. அப்படியானால் மங்கலான சாயல்கள் எப்படி வருகின்றன? கண்ணாடி விநாடிக்குப் பல்லாயிரம் முறை புரளுகிறது. திரையை நோக்கி அதிக நேரம் சாய்ந்திருந்தால் பிரகாசம். பாதி நேரமானால் மங்கல். கூட்டிக் கணக்குப் போடுவது நம்முடைய கண்தான்! வர்ணங்களுக்காகப் பெரிய கொட்டகைகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி சிப் உண்டு. சிறிய யந்திரங்களில் ஒரே சிப்பின் முன் வர்ணச் சக்கரம் ஒன்று சுழலும்.

இதைச் சிருஷ்டித்தவர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த லாரி ஹார்ன்பெக். 1977-ல் ஆரம்பித்த அவர், கண்ணாடியை வேண்டிய அளவு வளையச் செய்யப் பத்து வருஷம் பாடுபட்டார். எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோல் வளையச் சம்மதிக்கவில்லை. 1987-ல் அந்த வழியையே விட்டு, 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு நிலை போதும் என்று தீர்மானித்தார்; காரியம் கைகூடியது. 1999-ல் பொது ஜனங்களுக்கு இம்முறையில் படம் காட்டப்பட்டது. 2015-ல் அவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

ஆச்சரியப்படுவதோடு நாம் நின்றுவிடலாகாது. பிலிமை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தால் வெறுங் கண்ணுக்கே படம் தெரியும். புதிய படமோ எண்களின் மூட்டை. அதற்குப் பூட்டும் உண்டு. சாவிக்குரிய கெடு கடந்தால் கொட்டகையில் படம் ஓடாது. யந்திரங்கள் மாறும்போதெல்லாம் அந்த எண்களைப் புதிய பேழைக்கு மாற்றி வைக்க ஒருவர் வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 1931-ம் வருஷத்துக் 'காளிதாஸ்' நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. பிலிமையே காப்பாற்றாத நாம் எண்களைக் காப்பாற்றுவோமா? படம் எடுப்பவர்கள் செலவுக் கணக்கில் இதற்கும் ஒரு வரி எழுதி வைக்கட்டும். கண்ணாடிகள் தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன; காட்டுவதற்குப் படம் இருக்க வேண்டியது நம்முடைய பொறுப்பு.